காலையில் உலக முடிவு, மாலையில் நீர்வீழ்ச்சி: நுவரெலியாவிலிருந்து ஒரு நாள் சுற்றுக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்துக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கி வருபவர்கள் பலருக்கும் ஒரே கதிதான் நேர்கிறது. ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்து, எட்டரைக்கு வான் வண்டியில் ஏறி, பதினொரு மணிக்கு ஹோட்டன் சமவெளியின் செங்குத்துப் பாறை முனையான உலக முடிவின் விளிம்பில் போய் நிற்பார்கள். முன்னால் வெள்ளைச் சுவர். கீழே ஊர் இருக்கிறதா கடல் இருக்கிறதா என்று கூடத் தெரியாது. ஒன்பது கிலோமீற்றர் நடந்த களைப்போடு திரும்பி, நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

இதில் இடத்தின் மேல் பிழை இல்லை, வரிசைதான் பிழை. உலக முடிவு காலை ஒன்பதரைக்குப் பிறகு யாருக்காகவும் காத்திருக்காது. நீர்வீழ்ச்சிகள் மாலை நான்கு வரை காத்திருக்கும். இந்தத் திட்டம் முழுவதும் அந்த ஒரு கணக்கில் நிற்கிறது: விடியலில் ஹோட்டன் சமவெளி, பகலில் இறக்கம், பிற்பகலில் தலவாக்கலைக்கு அப்பால் சென்கிளேயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பல். நுவரெலியாவில் தொடங்கி நுவரெலியாவில் முடித்தால் வண்டி ஓட்டம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர், நடை 9 முதல் 9.5 கிலோமீற்றர். எல்லவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் இதே நாளுக்குள் திணிக்க ஆசை வரும். வேண்டாம். அது மலையின் மறுபக்கம், அதற்குத் தனி நாள் வேண்டும்.

எந்த மாதத்தில் வருவது

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளி தெளிவாக இருக்கும் மாதமும் நீர்வீழ்ச்சி நிறைந்து விழும் மாதமும் ஒன்றல்ல.

ஜனவரி முதல் மார்ச் வரை மேலே வானம் பெரும்பாலும் தெளிவு. ஆனால் மார்ச்சில் நீர்வீழ்ச்சிகள் மெலிந்துவிடும். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் நேராக மோதும். அப்போது டெவோனைப் பார்க்க இரண்டு கண் போதாது, ஆனால் சமவெளியில் காற்றும் தூறலும் ஆளைத் தள்ளும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடி மழை. மண்சரிவுக்கும் அதுவே பயப்பட வேண்டிய காலம்.

இரண்டும் ஓரளவு கிடைக்க வேண்டுமென்றால் ஜனவரியின் முதற்பாதி நல்ல தெரிவு. முந்திய மாதங்களின் மழையில் ஓடைகளில் தண்ணீர் மிச்சமிருக்கும், காலையும் தெளியத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் புத்தாண்டையொட்டி நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். அந்த நாட்களில் நகரைக் கடக்கவே ஒரு மணித்தியாலம் போகும், அறை வாடகையும் ஏறிவிடும். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினமும் நீண்ட வார இறுதியும் அப்படித்தான்: ரிக்கற் கவுண்டர் வரிசையிலேயே உங்கள் தெளிந்த காலை கரைந்துவிடும். செவ்வாய், புதன் போன்ற வேலை நாள் கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் வருபவர்களுக்கு ஒரு மேலதிகக் கொடுப்பினை உண்டு. இலங்கையில் பனியாறும் இல்லை, பனிமலையும் இல்லை. ஆனாலும் முகிலில்லாத, காற்றில்லாத இரவுக்கு மறுநாள் விடியலில் புல்வெளியின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை படிந்திருக்கும். செய்தியில் துகள் உறைபனி என்று சொல்வது இதைத்தான். மறைக்க முகில் இல்லாததால் தரையின் சூடு இரவிலேயே வானுக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் உறைபனியைத் தேடி மேட்டில் ஏறக்கூடாது, அம்பேவெல, பட்டிப்பொல பக்கத்துப் பள்ளமான புல்வெளிகளில் பார்க்க வேண்டும். வெயில் பட்டதும் சீக்கிரம் மறைந்துவிடும். பார்ப்பவருக்கு அழகு. கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகி நிற்கும் தோட்டக்காரருக்கு அது வேறு கதை.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியவை

விடியற்காலை நாலரைக்குக் கடை திறந்திருக்காது. எல்லாம் முந்திய மாலையே முடிய வேண்டும்.

வண்டிக்கு எரிபொருளை நுவரெலியாவிலேயே நிரப்புங்கள், பூங்காவுக்குள் எதுவும் கிடையாது. வான் வாடகைக்கு எடுப்பதானால் விலை பேசும்போதே மூன்று விடயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: காத்திருக்கும் நேரமும் சேர்த்தா, வண்டிக்குரிய நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, பிற்பகலில் டெவோன் வரை போவது உடன்பாட்டில் உண்டா. சமவெளிக்கு மட்டும் பேசிவிட்டு மத்தியானம் வீதியில் நின்று பேரம் பேசுவது நல்ல அனுபவமல்ல. ரயிலில் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கிப் போகலாமே என்று தோன்றும். பயணம் அழகு, ஆனால் இந்த விடியல் திட்டத்துக்கு அது பொருந்தாது.

சாப்பாடு கட்டுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பூங்காவுக்குள் பொலித்தீனும் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்கும் போகக்கூடாது. நடை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். லன்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல், பக்கற்றோடு பிஸ்கற், ஷொப்பிங் பையில் கட்டிய பழம் எல்லாம் அங்கேயே பிரிக்கப்படும். தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் லேபலைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். இருபது பேர் நிற்கும் வரிசையில் குளிரில் நின்றுகொண்டு பிஸ்கற்றைக் கடதாசிப் பைக்கு மாற்றுவதை விட, இரவே வேலையை முடிப்பது நல்லது. கோதுமை மா ரொட்டியைத் தடிப்பாகச் சுட்டு, ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து ரொட்டி நனைந்துவிடும். கட்டச் சம்பலைத் தனிச் சின்ன டப்பாவில் வையுங்கள். தேங்காய்ச் சம்பலை விட இதுதான் நடைக்கு ஏற்றது, மத்தியானம் வரை பழுதாகாது. ஆளுக்கு இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒன்றரை லீற்றர் தண்ணீர் போதும். பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டுபோனால் உலக முடிவில் உங்களை விடப் பணக்காரர் யாரும் இருக்கமாட்டார்கள்.

உடுப்பில் ஒரு தடித்த ஜக்கற்றை விட மூன்று மெல்லிய அடுக்கு மேல். ஆறு மணிக்குக் கை விறைக்கும், பத்து மணிக்கு வேர்க்கும், மழை வந்தால் மறுபடி நடுங்கும். கழற்றிக் கழற்றிப் பையில் வைக்க முடிய வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் இங்கே காயாது. செருப்பில் நடந்து முடிப்பவர்களும் உண்டு, ஆனால் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வேர்ப்படிகளில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரும் செருப்போடு வரமாட்டார்கள். அடியில் பல் தேயாத சப்பாத்து, மாற்றுக் காலுறை ஒரு சோடி, ஒரு தொப்பி, மழைக் கோட். 2,100 மீற்றருக்கு மேல் குளிராக இருந்தாலும் வெயில் தோலைச் சுடும். அது இரவில்தான் தெரியவரும்.

தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கும் கட்டணம் வேறு வேறு, வித்தியாசம் பெரியது. தமிழ் பேசுவது அத்தாட்சி ஆகாது. தலைக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு ஒன்று, குழுவுக்குச் சேவைக் கட்டணம், அதன்மேல் வரி என்று கூட்டல் நீளும். காசாகவும் கொஞ்சம் வைத்திருங்கள்.

கடைசியாக, வானிலை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராதல், சிவப்பு என்றால் வெளியேறல். நுவரெலியா மாவட்டத்துக்குச் செம்மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119 ஆகிய மூன்றையும் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் நம்பத்தக்கதல்ல, வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

அதிகாலை 4.45: ஏற்றம்

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பக்கம் போகும் ஏ7 வீதியில் வந்து, பிளக்பூல் சந்தியில் அம்பேவெல வீதிக்குத் திரும்புங்கள். மீபிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல தாண்டிச் சமவெளி. ஏறத்தாழ 32 கிலோமீற்றர்தான், ஆனால் இருட்டிலும் மூட்டத்திலும் ஒன்றே கால் மணித்தியாலம் எடுக்கும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கிறது. விடுமுறை நாளென்றால் 4.15க்கே கிளம்புங்கள்.

மூட்டத்துக்குள் பெரிய லைற்றைப் போட்டால் எதிரே வெள்ளைத் திரை விழும், பாதை தெரியாது. லைற்றைத் தாழ்த்தி, வீதியின் ஓரக்கோட்டைப் பிடித்து ஓட்டுங்கள். நான்கு சிக்னலையும் மின்னவிட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போவதுதான் அதன் பலன். கண்ணாடி உட்புறம் வேர்த்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஹீற்றர் இருந்தால் இரண்டும் சேர்த்து. வெளியே உறைபனி படிந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். இந்த வீதியில் மரக்கறி லொறிகளும் பால் வண்டிகளும் அந்த நேரத்திலேயே ஓடும். வளைவுக்கு முன் ஒரு ஹோர்ன், ஏறிவருபவருக்கு வழி: இந்த இரண்டும் மலை வீதியின் மரியாதை.

பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. போகும்போது இருட்டு, திரும்பும்போது நின்று பாருங்கள்.

6.30 முதல் 11 வரை: சமவெளியில் நடை

ரிக்கற் எடுத்ததும் உள்ளே ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டும். மலசலகூடம் இங்கே உண்டு. பாதை வழியே இன்னொன்றை எதிர்பார்க்க வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்திலேயே மரைகள் (பெரிய மான்கள்) ஆள் பயமில்லாமல் வந்து நிற்கும். படம் எடுங்கள், பாண் கொடுக்காதீர்கள். பொலித்தீன் தடைக்கு ஒரு காரணமே இந்த மரைகள்தான். உப்புச்சுவைக்காக உணவு சுற்றிய பையையும் தின்றுவிடும்.

பாதை ஒரு வளையம். இரண்டு பக்கமும் சுற்றலாம், ஆனால் காலையில் ஒரு பக்கம்தான் சரி: சிறிய உலக முடிவு என்று பலகை காட்டும் பக்கம் முதலில் போய், அங்கிருந்து உலக முடிவு, பிறகு பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்புங்கள். மறுபக்கம் சுற்றினால் நீர்வீழ்ச்சியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில் விளிம்பில் மூட்டம் ஏறிவிடும்.

ஏன் இந்த அவசரம்? சமவெளி தென்பக்கம் ஒரேயடியாக வெட்டுண்டு நிற்கிறது. உலக முடிவில் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்து. சூரியன் ஏறியதும் கீழே தாழ்நிலம் சூடாகிறது, சூடான ஈரக்காற்று மலைச்சுவரோடு மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து விளிம்பை எட்டும்போது முகிலாகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை வேறெங்கிருந்தோ வந்ததல்ல, உங்கள் காலடியிலேயே பிறக்கிறது. எட்டு மணிக்கு ஆங்காங்கே பஞ்சுத்துண்டுபோல எழும்பும், ஒன்பதரை பத்துக்குள் மூடிவிடும். எப்போதாவது பத்து நிமிடம் திரை விலகும், அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

முதல் பகுதி திறந்த புல்வெளி, பத்தனை என்பார்கள். கால் வைக்கும் இடம் சுலபம், ஆனால் இந்த உயரத்தில் கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த நெஞ்சுக்கு முதல் அரை மணித்தியாலம் மூச்சு இரைக்கும். வேகத்தைக் குறையுங்கள், தானே சரியாகும். பிறகு பாதை காட்டுக்குள் நுழையும். மரங்கள் குட்டையாக, தலை தட்டையாக, பாசி போர்த்தியிருக்கும். காற்றும் மூட்டமும் வளர்த்த காடு இது. முகிலில் உள்ள ஈரத்தை இலையும் பாசியும் வடித்துத் தரைக்குக் கொடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் போகும் மலை இது. பாதையை விட்டு விலகிக் காலால் பாசியை மிதிப்பவர் அதை நினைத்துக்கொள்ளட்டும். ரோஜாச் சிவப்பில் பூத்த ரொடடென்ட்ரன் மரத்தையும் இங்கே காணலாம்.

சிறிய உலக முடிவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கே கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்காதீர்கள், பெரியது முன்னால் இருக்கிறது. இடையில் உள்ள துண்டுப்பாதையில் மழைநீர் அரித்த ஆழமான வாய்க்கால்களும் வழுக்கும் களிமண்ணும் உண்டு. கால் வைக்கும்போது கல்லின் மேல் வைக்காமல் கற்களுக்கு இடையில் வையுங்கள்.

உலக முடிவில் எட்டு மணிக்கு நின்றால், நேர் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தீப்பெட்டிபோலத் தெரியும். தெளிந்த நாளில் தெற்கே கடல் ஒரு வெளிறிய கோடாகக் கண்ணுக்குப் படும். விளிம்பில் ஒரு எச்சரிக்கை: ஓரத்துப் புல் எல்லாம் பாறைமேல் முளைத்ததல்ல. சில இடங்களில் வேரும் மண்ணும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்வைக்குத் தரைபோல இருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே நின்றாலும் அதே காட்சிதான். முதுகை விளிம்புக்குக் காட்டிப் பின்னால் நகர்ந்து செல்ஃபி எடுப்பது வேண்டவே வேண்டாம். ரொட்டி டப்பாவைத் திறக்கும் இடம் இது. அரை மணித்தியாலம் இருங்கள்.

8.30க்கு இறங்கத் தொடங்கினால் ஒன்பதேகால் அளவில் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நைல் நதிப் பக்கம் போவதற்கு முன்பு நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார், அவர் பெயர்தான் இதற்கு. உயரம் 20 மீற்றர்தான், பிற்பகலில் பார்க்கப் போவதன் முன் குழந்தை. ஆனால் பெலிஹுல் ஓயா விசிறிபோல் விரிந்து விழும் விதம் தனி. இறங்கும் பாதை குறுகியது, செங்குத்து, வேரும் ஈரக்கல்லும் கலந்தது. முழங்கால் நோவுள்ளவர்கள் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கினால் நோவு குறையும். குளிக்கத் தடை. அங்கிருந்து வாகனத் தரிப்பிடம் வரை மேடு பள்ளமாக இன்னும் ஒரு மணித்தியாலம். களைப்பில் கால் தடுக்குவது இந்தக் கடைசிப் பகுதியில்தான், பேச்சைக் குறைத்துக் கீழே பாருங்கள்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பொதுவாக நடந்துவிடுவார்கள். முதியவர்களுக்கு முழு வளையம் கஷ்டமென்றால் சிறிய உலக முடிவு வரை போய் வந்த பாதையிலேயே திரும்பலாம், ஓடையோரப் புல்வெளியில் இருந்தாலும் காலை வீணாகாது.

11.15: இறக்கம், அதைவிட முக்கியமாக பிரேக்

திரும்பும் வழியில் அம்பேவெலவின் மாட்டுப் பண்ணைகளும் மேட்டில் காற்றாலைகளும் பகல் வெளிச்சத்தில் தெரியும். கால் மணித்தியாலம் நிற்கலாம். பிளக்பூல் சந்திக்கு வந்ததும் நகருக்குள் போகாமல் நேரே நானுஓயா பக்கம் இறங்குங்கள்.

நானுஓயாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்க ரதெல்ல குறுக்கு வீதி என்று ஒன்று உண்டு. கூகுள் வரைபடம் தூரம் மிச்சமென்று அதைக் காட்டக்கூடும். செங்குத்தான இறக்கம், அடுத்தடுத்து வளைவு. 2023 ஜனவரியில் பஸ், வான், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் இறந்தது இந்த வீதியில்தான். அந்த இறக்கத்தை ஓட்டிப் பழகாதவர் லிந்துலை வழியான பிரதான வீதியிலேயே போகட்டும். தூரம் கூடினாலும் தேயிலை மலைகளின் நடுவே போகும் அழகான வழி அதுதான்.

எந்த வழியானாலும் இறக்கத்தில் ஒரே விதி: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். மெனுவல் என்றால் இரண்டு, ஒட்டோ என்றால் எல் அல்லது எஸ், ஹைபிரிட் என்றால் பி. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் தட்டு சூடேறும், பிறகு பிரேக் ஒயில் கொதிக்கும். பழைய ஒயிலில் ஈரம் ஊறியிருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். கொதித்த ஒயிலில் குமிழ் உண்டாகி, மிதி பஞ்சுபோல் அடிவரை இறங்கிவிடும். அதற்கு முன்பே கருகிய வாடை வரும். வாடை வந்ததும் மட்டமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளையும். ஹைபிரிட் கார்க்காரருக்கு இன்னொன்று: நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்ததும் மின்பிரேக்கின் இழுவை குறைந்து, இஞ்சின் திடீரென இரையும். அது பழுதல்ல, ஆனால் முழு வேலையும் இனிச் சாதாரணப் பிரேக்குக்கு வரலாம் என்பதால் வேகத்தைக் குறையுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தலவாக்கலை நகரம் தோதானது. சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் சூடாகக் கிடைக்கும். 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமும் இந்தப் பக்கத்தில் சென்கூம்ஸ் தோட்டத்தில்தான்.

பிற்பகல் 2 முதல் 4 வரை: சென்கிளேயர், டெவோன்

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பக்கம் சில கிலோமீற்றரில் சென்கிளேயர். 80 மீற்றர் உயரம், அகலத்தில் இலங்கையின் முன்னணி நீர்வீழ்ச்சி. ஏ7 வீதியிலிருந்தே முழுதாகத் தெரியும். வளைவில் நிறுத்தாமல், வண்டி ஒதுக்குவதற்கென உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

இந்த நீர்வீழ்ச்சியின் தண்ணீர் இப்போது மழையை மட்டும் நம்பி இல்லை. மேலே தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இருக்கிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் நீர்மின் திட்டம். கொத்மலை ஓயாவின் தண்ணீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் மின்நிலையத்துக்குப் போகிறது. நீர்வீழ்ச்சி வற்றிவிடக்கூடாதென்ற எதிர்ப்புகளுக்குப் பிறகு, பகல் நேரத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஆற்றில் விடப்படுகிறது. அதனால் இருட்டிய பிறகு போய் ஏமாற வேண்டாம். மறுபக்கம், மேலே கனமழையென்றால் வான்கதவுகள் திறக்கும், ஆற்று நீர் நிமிடக் கணக்கில் பெருகும். திறக்குமுன் சைரன் ஊதுவார்கள். அதைக் கேட்டால் ஆற்றோரத்தில் நிற்கும் யாராக இருந்தாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். கால் நனைக்க ஆசைப்பட்டுப் பாறைக்கு இறங்குவதை இந்த ஆற்றில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இன்னும் சற்றுத் தூரம் போனால் டெவோன். 97 மீற்றர், ஒடுங்கி, கறுப்புப் பாறையில் படி படியாக விழும். ஒரு கோப்பித் துரையின் பெயர் இது. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்ததற்கு மிஞ்சியிருக்கும் அடையாளங்களில் ஒன்று. கொத்மலை ஓயாவில் சேரும் வேறு ஓடையில் விழுவதால் இது அணையின் தயவில் இல்லை, நேற்றைய மழையின் தயவில் இருக்கிறது. நல்ல மழைக்கு மறுநாள் சென்கிளேயரை விட இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். இதையும் வீதியோரத்திலிருந்து பார்ப்பதே நல்லது. தூரத்திலிருந்துதான் இதன் உயரம் கண்ணுக்குள் அடங்கும்.

தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் “அக்கா, இந்தப் பாதையால போகலாமா?” என்றால் பாதையும் சொல்வார்கள், எந்த இடத்தில் வழுக்கும் என்றும் சொல்வார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கமராவை நீட்டுவது அநாகரிகம். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாட்சம்பளத்துக்குக் கிலோக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரம். கொழுந்து லொறி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். ஈரமான நாளில் இந்தப் பாதைகளில் அட்டை இருக்கும். காலுறைக்கு வெளியே சவர்க்காரம் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். கடித்ததைப் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நெருக்கமாக வைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை. கழுவிப் பஞ்சை அழுத்திப் பிடியுங்கள்.

மறுநாள் கண்டி பக்கம் இறங்குபவர்களுக்கு ஏ5 வீதியில் 109 மீற்றர் றம்பொடை நீர்வீழ்ச்சியும் அதனருகே வீதிச் சுரங்கமும் வழியிலேயே வரும். அதை இன்றைய நாளில் சேர்க்காதீர்கள்.

திட்டம் குழம்பினால்

வாசலிலேயே அடர்ந்த மழையும் காற்றும் என்றால் கட்டணம் கட்டுமுன் யோசியுங்கள். பட்டிப்பொலவிலேயே திரும்பி, நேரே தலவாக்கலைக்கு இறங்கினால் நீர்வீழ்ச்சிகள் அன்று உச்சத்தில் இருக்கும். வெறும் மூட்டம் என்றால் உள்ளே போகலாம், விடியல் மூட்டம் ஏழு மணிக்குள் கலைவதுண்டு. நீங்கள் பிந்திவிட்டீர்கள், எட்டரைக்குத்தான் நடை தொடங்குகிறது என்றால் முழு வளையத்துக்கு ஆசைப்படாமல் சிறிய உலக முடிவுக்கு மட்டும் வேகமாகப் போய் வாருங்கள், மிச்ச நேரத்தை டெவோனுக்குக் கொடுங்கள். பிற்பகலில் இடி தொடங்கினால் புல்வெளியிலோ தனிமரத்தடியிலோ நிற்காமல் வண்டிக்குள் போய்விடுங்கள்.

நான்கு மணிக்கு டெவோனை விட்டுக் கிளம்பினால் ஐந்தரை அளவில் நுவரெலியா. லிந்துலைக்கு மேல் மாலையில் மறுபடி மூட்டம் இறங்கும், ஏறும் வழி என்பதால் பிரேக்குக்குச் சோலி இல்லை, பார்வைக்குத்தான். அறைக்குப் போனதும் சப்பாத்தை ஹீற்றரடியில் வைக்காதீர்கள், அடிப்பகுதி பசை விட்டுக் கழன்றுவிடும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, படுக்குமுன் ஒருமுறை தாளை மாற்றிவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.